பெரியாற்றைக் கிழக்கே திருப்பியவர்: கர்னல் பென்னி குயிக் வரலாறும் மலையின் இரு புறத்துக் கதைகளும்

நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்ல. வட ஆர்க்காட்டுப் பக்கத்துச் சமணக் குடும்பம். பிழைப்பைத் தேடி இளம் வயதில் பாலக்காட்டுக்கு வந்து, ஏலக்காய், மிளகு வியாபாரத்தில் நாற்பது வருஷம் ஓடிவிட்டது. சரக்கு எடுக்க வண்டன்மேடு, குமுளி, கம்பம், போடி என்று போகும்போதெல்லாம் பழைய புத்தகம், பழைய பத்திரம் எது கிடைத்தாலும் உட்கார்ந்து படிப்பது என் வழக்கம். அப்படிச் சேர்ந்த விஷயங்களில் ஒன்றைத்தான் இங்கே தருகிறேன்.

எழுதத் தூண்டியது எது?

2011 டிசம்பர் மாதம். முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்துக் கொண்டிருந்த நேரம். விவரம் சரியாகத் தெரியாமல் ஏலக்காய் எடுக்க வண்டன்மேட்டுக்குப் போய்விட்டு, குமுளி வழியாகக் கம்பம் இறங்கலாம் என்று வந்தேன். எல்லையில் வண்டி எதுவும் ஓடவில்லை. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவே போலீஸ். தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலர் மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டு நடந்தே மலை இறங்கிப் போன நாட்கள் அவை.

எங்கள் மதத்தில் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது. மணி ஐந்தரை ஆகிவிட்டது. கடைகளெல்லாம் அடைப்பு. ஒரு சின்ன டீக்கடையின் பின்கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. அந்த வீட்டம்மா மலையாளி. நான் தமிழன் என்று பேச்சிலேயே தெரிந்திருக்கும். "சேச்சி, இருட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வாய் சாப்பிடணும்" என்றேன். ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு, கஞ்சியும் பயறும் வைத்தார். அவர் வீட்டுப் பையன் மட்டும் சும்மா இருக்கவில்லை. "எங்க மகாராஜா இருதய ரத்தத்தால கையெழுத்துப் போட்ட பத்திரம் அது, தெரியுமா?" என்றான். நானும் விடவில்லை. "எங்க பென்னி குயிக் பொண்டாட்டி நகையை வித்துக் கட்டின அணை தம்பி" என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் பாத்தீங்களா? முதல்ல கஞ்சியக் குடிங்க" என்றார்.

அந்த வார்த்தை மனசில் தைத்துவிட்டது. உண்மைதானே? இருவருமே பார்க்கவில்லை, கேட்ட கதையை வைத்துக் கொண்டு சண்டை போட்டோம். வியாபாரி நான். கடனோ வரவோ, கணக்கில் ஏறாததை நம்பக் கூடாது என்று படித்தவன். அன்றிலிருந்து இந்த இரண்டு கதைகளையும் தேதி வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

பூனாவில் பிறந்த பிள்ளை

ஜான் பென்னி குயிக் 1841 ஜனவரி 15 அன்று பூனாவில் பிறந்தார். தகப்பனார் பெயரும் ஜான்தான்; ஆங்கிலேயப் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா என்ற இடத்தில் சீக்கியர்களோடு நடந்த போரில் தகப்பனார் இறந்தார். அவருடைய உடலைக் காக்கப் போன மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் மாண்டான். அவனுக்கு வயது 17. நம் கதாநாயகருக்கு எட்டு வயது நிறைய இன்னும் இரண்டே நாள். ஒரே நாளில் தகப்பனையும் அண்ணனையும் இழந்த பிள்ளை.

பிறகு இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், கம்பெனியாரின் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியிலும் படித்தார். 1860-இல் சென்னை மாகாணப் பொறியாளர் படைப் பிரிவில் வேலைக்கு வந்து சேர்ந்தார். தகப்பனாரைப் போலத் துப்பாக்கி பிடிக்காமல் மண்ணும் கல்லும் தண்ணீரும் அளக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தார். 1879-இல் கிரேஸ் ஜார்ஜினா ஷாமியர் என்ற பெண்மணியை மணந்தார். பின்னால் வரும் நகைக் கதையின் நாயகி இவர்தான்.

அவருக்கு முன்பே கண்ட கனவு

பெரியாறு மலையில் பிறந்து மேற்கே ஓடி அரபிக் கடலில் சேர்வது. மலைக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு, மதுரை, ராமநாதபுரம் எல்லாம் வைகையை நம்பிய பூமி. வைகையில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளம், இந்தப் பக்கம் வறட்சி. 'அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன?' என்ற யோசனை வெள்ளைக்காரனுக்கு முதலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1789-இலேயே ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு ஆட்களை மலைக்கு அனுப்பி வழி பார்த்து வரச் சொன்னார். வழி உண்டு என்று தெரிந்தது. ஆனால் அதற்கான பணம் இல்லை.

1808-இல் கேப்டன் ஜேம்ஸ் கால்டுவெல் பார்த்துவிட்டு, இது நடக்கிற காரியமே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். 1850 வாக்கில் சின்ன முல்லையாற்றில் ஒரு சிறு அணைக்கு வேலை தொடங்கி, காய்ச்சலாலும் ஆள் நிற்காததாலும் கைவிட்டார்கள். 1860-களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார். அதுவும் காகிதத்தில் நின்றது.

நிலைமையை மாற்றியது பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பிடித்த தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். நம் பாட்டன் பாட்டிமார் 'தாது வருஷம்' என்று சொன்னாலே குரல் இறங்கிப் போகும். அதற்குப் பிறகுதான் தூங்கிக் கிடந்த பெரியாற்றுக் காகிதங்களை அரசாங்கம் தூசு தட்டி எடுத்தது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு மேஜர் பென்னி குயிக்கிடம் வந்தது.

பத்திரம்: ஒரு வியாபாரியின் வாசிப்பு

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தம். ஆகவே 1886 அக்டோபர் 29 அன்று குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது. சுமார் 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். ஆக 40,000 ரூபாய். காலம் 999 ஆண்டு. சமஸ்தானத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவர் திவான் வெம்பாக்கம் ராமையங்கார். வெம்பாக்கம் எங்கள் ஊர்ப் பக்கம்தான்! கேரளத்து நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்த கை ஒரு தமிழருடைய கை என்பதை இரு பக்கத்தாரும் மறந்துவிடுகிறார்கள்.

பத்திரத்தில் வியாபாரியாக நான் கவனித்த இரண்டு விஷயங்கள். ஒன்று, குத்தகைப் பணம் ரொக்கமாகக் கைக்கு வருவது அல்ல. சமஸ்தானம் ஆங்கில அரசுக்குக் கட்ட வேண்டிய கப்பத்தில் கழித்துக் கொள்ள வேண்டியது. இரண்டு, பத்திரம் எழுதிய நாளிலிருந்து வாடகை ஓடாது. பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே திரும்பி ஆங்கிலேயர் எல்லைக்குள் பாயும் நாளிலிருந்துதான் ஓடும். வலியவன் எளியவனோடு எழுதும் பத்திரம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். கேரள நண்பர்களின் மனக்குறையில் நியாயமே இல்லை என்று நாம் சொன்னால் அது தராசில் கை வைப்பதாகும்.

எட்டு வருஷ வேலை

1887-இல் வேலை தொடங்கியது. இன்று தேக்கடியில் படகில் போகிறவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட இடம் என்பது புரியாது. அன்று ரோடு கிடையாது. யானை, புலி, அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக மலேரியாக் காய்ச்சல். கோடையில் காய்ச்சல் காலம் வந்தால் ஆட்களைக் கீழே அனுப்பிவிட்டு வேலையை நிறுத்த வேண்டும். மழைக் காலத்தில் ஆறு வேலை செய்ய விடாது. இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற மாதங்களில்தான் கட்ட வேண்டும்.

ஆற்றை ஒதுக்கிவிட்டு அஸ்திவாரம் போடுவதுதான் முதல் சோதனை. மரமும் மண்ணும் வைத்துத் தற்காலிகத் தடுப்பு கட்டுவார்கள், ஒரு வெள்ளம் வரும், அவ்வளவும் போகும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். சென்னை ராணுவத்தின் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும், கீழ்நாட்டிலிருந்து மலையேறிய கூலியாட்களும் சேர்ந்து அந்த ஆற்றோடு மல்லுக்கட்டினார்கள். சரக்கை மலையடிவாரத்திலிருந்து கம்பிவட இழுவை மூலம் மேலே ஏற்றி, தேக்கடியிலிருந்து நீர்வழியில் படகில் கொண்டு போனார்கள்.

கட்டுமானம் எதனால் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அணையின் உள்வயிறு சுண்ணாம்பும், சுர்க்கி என்கிற சுட்ட செங்கல் பொடியும், மணலும், ஜல்லியும் கலந்த காரை. இரு முகங்களும் கருங்கல் கட்டு. பிரதான அணையின் நீளம் 1,200 அடி. ஆற்றின் படுகையிலிருந்து உயரம் 155 அடி. தண்ணீரை மடக்கி நிறுத்துவது அணையின் சொந்தக் கனமேதான்.

ஆனால் என்னைக் கேட்டால், பென்னி குயிக்கின் கெட்டிக்காரத்தனம் அணையில் பாதிதான். மறுபாதி சுரங்கத்தில் இருக்கிறது. அணையில் தேங்கிய தண்ணீர் அணை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வருவதில்லை. நீர்த்தேக்கத்தின் இன்னொரு கோடியில், தேக்கடிப் பக்கம், மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேல் நீளமுள்ள சுரங்கம் வெட்டி, அதன் வழியே கிழக்கே இறக்கினார்கள். நீர்மட்டம் 104 அடிக்கு மேல் இருந்தால்தான் சுரங்கத்தில் தண்ணீர் ஏறும். அதற்குக் கீழே நிற்பது தமிழ்நாட்டுக்கு வராது. 'அணையில் இத்தனை அடி தண்ணீர்' என்று பேப்பரில் படிக்கும்போது இந்த 104-ஐ மனசில் வைத்துக் கொண்டால் கணக்குச் சரியாக விளங்கும்.

1895 அக்டோபர் 10 அன்று சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். நூற்றாறு வருஷத்துக்கு முன் முத்திருளப்ப பிள்ளை அனுப்பிய ஆட்கள் கண்ட வழியில் தண்ணீர் வந்தது. காய்ச்சலிலும் விபத்திலும் செத்துப்போன கூலியாட்களின் இடுகாடு அணைக்குப் பக்கத்துக் காட்டில் இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இரண்டு கதைகளும் தேதியும்

இனி டீக்கடைச் சண்டைக்கு வருகிறேன்.

கேரளத்துக் கதை முதலில். 'இருதய ரத்தத்தால் கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொன்னதாகக் கூறப்படும் மன்னர் விசாகம் திருநாள். அவர் இறந்தது 1885 ஆகஸ்டில். பத்திரம் 1886 அக்டோபரில். பதினான்கு மாதத்துக்கு முன் இறந்தவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? பத்திரம் எழுதியபோது பட்டத்தில் இருந்தவர் மூலம் திருநாள். கையெழுத்தோ திவானுடையது. அதற்கு முந்தைய பேச்சுவார்த்தைக் காலத்தில் விசாகம் திருநாளுக்கு மன வருத்தம் இருந்திருக்கலாம், அது வேறு. பத்திரத்தோடு சேர்த்துச் சொல்லும் கதை மட்டும் தேதியில் உதைக்கிறது.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏக சந்தோஷம். அந்தப் பையனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். ஆனால் எதிராளியின் கணக்கை மட்டும் சரிபார்த்து நம் கணக்கை மூடி வைப்பது நல்ல வியாபாரியின் லட்சணம் அல்லவே. நம் கதையையும் எடுத்தேன்.

'அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டது. பென்னி குயிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டி முடித்தார்' என்பது கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரிந்த கதை. இதற்கு ஆதாரம் என்று ஒரு காகிதத்தையும் நான் கண்டதில்லை. திட்டத்தில் பொறியாளராக இருந்த மெக்கென்ஸி 1899-இல் பெரியாற்றுத் திட்ட வரலாற்றைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். சர்க்கார் வேலை என்பதால் ஒவ்வொரு செலவும் கணக்கில் ஏறிய வேலை அது. மொத்தச் செலவு அரைக் கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் காலத்து அரைக் கோடி! சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரியின் வீட்டு நகை அந்தக் கடலில் எத்தனை துளி? நம் கதையும் கணக்கில் உதைக்கிறது.

2021-இல் இன்னொன்று நடந்தது. மதுரையில் நூலகம் கட்டத் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்த பழைய கட்டடம் பென்னி குயிக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாது என்று பேச்சு எழுந்தது. பார்த்தால் அந்தக் கட்டடம் கட்டியது 1912, 1913-இல். அவர் இறந்ததோ 1911-இல். அன்பு மிகுந்தால் இப்படி ஆகும்.

அப்படியானால் அவர் பெருமை குறைந்துவிட்டதா? என் புத்திக்கு எட்டியவரை, கூடித்தான் இருக்கிறது. நகையை விற்பது ஒரு நாள் காரியம். வெள்ளம் அடித்துக் கொண்டு போனதை ஒவ்வொரு வருஷமும் மறுபடி மறுபடி கட்டுவதற்கு நகை போதாது. சொந்தப் பணத்தைப் போட்டவர் என்பதற்காக அல்ல, ஊர்ப் பணத்தை வீணாக்காமல் வேலையை முடித்தவர் என்பதற்காக அவரைக் கும்பிடலாம். நம் வியாபாரத்தில் முதலாளியைவிடக் கணக்குப்பிள்ளைக்கு மரியாதை அதிகம், காரணம் இதுதான்.

அதற்குப் பின்

அணை முடிந்த அடுத்த வருஷமே, 1896-இல், இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவரானார். இந்தியாவுக்குப் பொறியாளர்களைத் தயார் செய்து அனுப்பிய கல்லூரி அது. 1899-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து வெள்ளப் பிரச்சினைக்கு யோசனை சொல்லப் போனார். 1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார்.

தேனியில் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15 அன்று மணிமண்டபம் திறந்தார்கள். 2022-இல் கேம்பர்லியிலும் சிலை வைத்தார்கள். அவர் பிறந்த நாள் பெரும்பாலும் பொங்கலோடு சேர்ந்தே வருவதால், அந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகள் அவருக்கும் பொங்கல் வைக்கிறார்கள்.

வழக்குகளும் ஓயவில்லை. தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்று சென்னைக்கும் திருவிதாங்கூருக்கும் எழுந்த வழக்கில் 1941-இல் தீர்ப்புத் திருவிதாங்கூர் பக்கம் வந்தது. பாசனத்துக்கு மட்டுமே உரிமை என்றார்கள். அன்று அங்கே திவானாக இருந்தவர் நம் சி.பி. ராமசாமி ஐயர். மறுபடியும் தமிழர்! 1970 மே 29 அன்று புது உடன்படிக்கை ஆகி, குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. மீன்பிடி உரிமை கேரளத்துக்கு, மின்சார உரிமை தமிழ்நாட்டுக்கு, அதற்குத் தனிக் கட்டணம். 1979-இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்து, பிறகு கான்கிரீட்டும் எஃகு வடமும் கொண்டு அணையைப் பலப்படுத்தினார்கள். 2006-இலும் 2014-இலும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. அணைக்குக் கீழே குடியிருக்கிறவர்களின் பயத்தை நாம் கேலி செய்யக் கூடாது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது பொறியாளர்கள். கூட்டம் கூடிக் கத்துகிறவர்கள் அல்ல.

பாலக்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக ஒன்று. 1970 மே 29 அன்றே இன்னொரு உடன்படிக்கையும் கையெழுத்தானது. அது பரம்பிக்குளம் ஆழியாறு. அதன்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தர வேண்டும். நம் சித்தூர்த் தாலூகா நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. அங்கே கம்பத்துக்காரர் மலைக்கு மேலே பார்த்துக் கொண்டு நிற்கிறார். இங்கே சித்தூர்க்காரர் ஆழியாற்றைப் பார்த்துக் கொண்டு நிற்கிறார். சித்தூரில் தமிழ் பேசும் விவசாயி தமிழ்நாடு தண்ணீர் விடவில்லை என்று போராட்டம் நடத்துகிறார். குமுளி மலையாளி வியாபாரி கம்பத்துக் காய்கறி வரவில்லையே என்று கவலைப்படுகிறார். ஒரே நாளில் எழுதிய இரண்டு பத்திரங்கள். ஒன்றில் நாம் கொடுக்கிறவர், மற்றதில் வாங்குகிறவர். இரண்டையும் சேர்த்துப் படித்தவனுக்குக் கோபம் வராது.

இரண்டு வருஷம் கழித்து அந்த டீக்கடைக்குப் போனேன். பையன் கல்லாவில் இருந்தான். மகாராஜா இறந்த தேதியைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. உடனே நகைக் கதையும் பொய்க் கணக்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சரிக்குச் சரி, அண்ணாச்சி" என்று சொல்லி டீ போட்டான். காசு வாங்க மறுத்தான். நான் விடாமல் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். கணக்கு பாக்கி இருக்கக் கூடாது அல்லவா?

நம் பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்து, இரண்டு மொழியும் பேசுகிறவர்கள். பெரியாற்றைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் கதையைச் சொல்லாமல் தேதியைச் சொல்லட்டும். அதற்கு இந்தக் கட்டுரை கொஞ்சம் உதவினால் அதுவே எனக்கு லாபம்.